219, 149, 216: ஒரு தோல்விப் படத்தின் மூன்று நீளங்கள்

“செகண்ட் ஹாஃப் லேக். இருபது நிமிஷம் தூக்கியிருந்தா படம் தப்பிச்சிருக்கும்.”

படம் பார்த்து ஏமாந்து வெளியே வருகிறவர்கள் சொல்லும் தீர்ப்பு இது. நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். தயாரிப்பாளர்களும் இதை நம்புகிறார்கள். படம் ஊத்திக்கொண்டது என்று தெரிந்ததும் அவர்கள் கை முதலில் தேடுவது கத்தரியைத்தான். ரிலீஸான நாலாம் நாள் “நீளம் குறைக்கப்பட்ட புதிய பதிப்பு” என்று அறிவிப்பு வரும். அதனால் ஒரு படம் எழுந்து ஓடியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நீளம்தான் நோய் என்றால் வெட்டு மருந்தாக வேலை செய்ய வேண்டும். செய்கிறதா இல்லையா என்று தெரிய, ஒரே படம் வேறு வேறு நீளத்தில் வேறு வேறு கூட்டத்தின் முன்னால் ஓடியிருக்க வேண்டும். இப்படி ஒரு சோதனையை யாரும் வேண்டுமென்றே நடத்த மாட்டார்கள், காசு யார் கொடுப்பது? ஆனால் தானாக நடந்திருக்கிறது. மைக்கேல் சிமினோ இயக்கிய ‘ஹெவன்ஸ் கேட்’ 1980-ல் 219 நிமிடம் ஓடியது. 1981-ல் 149 நிமிடம். 2012-ல் 216 நிமிடம். முதல் இரண்டு முறையும் செம அடி. மூன்றாம் முறை எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு செலவானது, எந்தக் கம்பெனி கவிழ்ந்தது, யார் வேலை போனது. எனக்கு அதைவிட, இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். அவர் எந்த இடத்தில் கைவிட்டார், ஏன்?

பணக் கதை, சுருக்கமாக

அதையும் சொல்லாமல் தாண்ட முடியாது. சிமினோவின் முந்தைய படமான ‘தி டியர் ஹன்டர்’ 1979-ல் ஐந்து ஆஸ்கர் வாங்கியது. அந்த ஆஸ்கர்கள் வருவதற்கு முன்பே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அவருக்கு அடுத்த படத்தைக் கொடுத்திருந்தது. கதை, 1892-ல் அமெரிக்காவின் வயோமிங்கில் பெரிய மாட்டுப்பண்ணை முதலாளிகளுக்கும் சின்னக் குடியேறிகளுக்கும் நடந்த ஜான்சன் கவுன்டி மோதல். ஒப்புக்கொண்ட பட்ஜெட் 1.16 கோடி டாலர். கடைசியில் ஆன செலவு சுமார் 4.4 கோடி டாலர்.

படப்பிடிப்பு 1979 ஏப்ரலில் மொன்டானா மாநிலத்தில் தொடங்கியது. ஆறு நாள் முடிந்தபோது ஐந்து நாள் பின்தங்கியிருந்தார்கள். அந்த நிறுவனத்தில் அப்போது பொறுப்பில் இருந்த ஸ்டீவன் பாக் பிற்பாடு ‘ஃபைனல் கட்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். செட் போட்ட தெருவின் கதையும் பிரபலம். தெரு ஆறடி அகலம் போதவில்லை என்றாராம் சிமினோ. ஒரு பக்கத்துக் கடைகளை மட்டும் பிரித்து ஆறடி தள்ளிக் கட்டலாம் என்றார்களாம் செட் ஆட்கள். இல்லை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி தள்ள வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாராம்.

எடுத்த பிலிம் சுமார் 13 லட்சம் அடி. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 200 மணி நேரத்தைத் தாண்டும். 1980 ஜூனில் நிறுவனத்து ஆட்களுக்கு அவர் முதலில் போட்டுக் காட்டிய வடிவம் 5 மணி 25 நிமிடம். அதில் கடைசிச் சண்டை மட்டுமே ஒரு முழுப் படத்தின் நீளம் இருந்ததாம். ஆக நாம் 219 நிமிடம் என்று சொல்லும் முதல் பதிப்பே நன்றாக வெட்டிச் சுருக்கியதுதான். இதை யாரும் கவனிப்பதில்லை.

முதல் காட்சி

1980 நவம்பர் 18, நியூயார்க். நடுவில் இடைவேளை. வரவேற்பறையில் ஷாம்பெயின் ஊற்றி வைத்திருக்கிறார்கள், எடுக்க ஆளில்லை. ஏன் யாரும் குடிக்கவில்லை என்று சிமினோ கேட்க, படம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று விளம்பரப் பொறுப்பாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார் என்கிறது பாக்கின் புத்தகம். மறுநாள் நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி எழுதிய விமர்சனம், கொல்லும் விமர்சனம் எப்படி இருக்கும் என்பதற்கு இன்றும் உதாரணமாகக் காட்டப்படுவது. சொந்த வீட்டு வரவேற்பறையை நாலு மணி நேரம் கட்டாயப்படுத்திச் சுற்றிக் காட்டியது போல இருந்தது என்பது அதில் ஒரு வரி.

அந்த வரியைக் கிண்டல் என்று கடந்துவிடுகிறோம். எனக்கு அது நோயைச் சரியாகப் பிடித்த வரியாகப் படுகிறது. நம் வீட்டு வரவேற்பறையைச் சுற்றிப் பார்ப்பதில் என்ன கஷ்டம்? அறை அசிங்கமாக இருக்க வேண்டியதில்லை. அழகாகவே இருக்கலாம். அடுத்த மூலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை நமக்கு இல்லை, அவ்வளவுதான். கேன்பி ‘நாலு மணி நேரம்’ என்று அடித்துச் சொன்னதால் எல்லோரும் மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதே அறையை அரை மணி நேரம் சுற்றினாலும் கொட்டாவிதான் வந்திருக்கும்.

சில நாளிலேயே படம் திரும்பப் பெறப்பட்டது. மறுபடி எடிட் செய்யக் கால அவகாசம் வேண்டும் என்று கேட்டவர் சிமினோவேதான்.

வெட்டிய பிறகு

1981 ஏப்ரல் 24. எழுபது நிமிடம் குறைந்து 149 நிமிடமாக, 800-க்கும் அதிகமான திரையரங்குகளில் மறுபடி ரிலீஸ். மூன்று மணி நேரத்துக்கும் மேல் உட்கார வைத்ததுதான் குற்றம் என்றால் அந்தக் குற்றம் இப்போது இல்லை. இரண்டரை மணி நேரப் படம் எந்தக் காலத்திலும் சகஜம். என்ன ஆனது? அமெரிக்காவில் மொத்த வசூலே சுமார் 35 லட்சம் டாலர். அதே ஆண்டில், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸை வைத்திருந்த டிரான்ஸ்அமெரிக்கா குழுமம் அதை எம்.ஜி.எம்.-இடம் விற்றுவிட்டு சினிமாவிலிருந்தே ஒதுங்கிக்கொண்டது. சாப்ளினும் கிரிஃபித்தும் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸும் 1919-ல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி.

கெட்ட பெயர் முன்பே பரவியிருந்தது, அதனால்தான் யாரும் வரவில்லை என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு உண்மை. படப்பிடிப்புத் தளத்துக்குள் பத்திரிகைகளை விடாததால் ஒரு பத்திரிகையாளர் துணை நடிகராகவே உள்ளே நுழைந்து, நடந்ததையெல்லாம் எழுதிவிட்டார். குதிரைகள் செத்தது பற்றி எழுந்த கூச்சலும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கப் படப்பிடிப்புகளில் விலங்குகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு பிற்பாடு இறுகியதற்கு இந்தப் படமும் ஒரு காரணம். ஆனால் கெட்ட பெயர் ஆட்களை வாசலுக்கு வராமல் தடுக்குமே தவிர, உள்ளே வந்து உட்கார்ந்தவரைத் தூங்க வைக்காது. வந்தவர்களும்தான் அலுத்துப்போனார்கள்.

ரோஜர் ஈபர்ட் அந்த ஆண்டு எழுதிய விமர்சனத்தில் கொடுத்தது அரை நட்சத்திரம். அவர் ஆத்திரம் பெரும்பாலும் திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பற்றியது. எங்கும் புகை, தூசி, மூட்டம், பழுப்பு மஞ்சள். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரைமேல் அடித்துத் துடைக்கலாமா என்று தோன்றுகிறது என்கிற மாதிரி எழுதினார். இந்தப் புகாரைக் கத்தரியால் என்ன செய்ய முடியும்? 219 நிமிடம் புகையாக இருந்தது 149 நிமிடம் புகையாக இருக்கும்.

ஒலியும் அப்படித்தான். கதாநாயகன் ரயிலில் வந்து இறங்கும் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் சத்தத்துக்குள்ளும் கூட்டத்தின் இரைச்சலுக்குள்ளும் பாதிப் பேச்சு போய்விடுகிறது. நிஜத்தில் அப்படித்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதையின் சிக்கல் தொடங்கும் பேச்சு காதில் விழாவிட்டால் பார்வையாளர் இரண்டு மூன்று முறை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார், அப்புறம் விட்டுவிடுவார். அதன் பிறகு அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், கூட வரமாட்டார்.

ஸ்கேட்டிங் கொட்டகைக்குள்

இனி படத்துக்குள் போவோம். நான் பார்த்தது 216 நிமிடப் பதிப்பு, இரண்டு தடவை. முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவது தடவை கையில் நோட்டோடு, எங்கே கவனம் நழுவுகிறது என்று குறித்துக்கொண்டு.

தொடக்கம் 1870, ஹார்வர்டு பட்டமளிப்பு நாள். ஜேம்ஸ் ஏவரில் என்ற இளைஞன், கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன், தாமதமாக ஓடிவந்து ஊர்வலத்தில் சேர்கிறான். உரைகள், கேலி, அப்புறம் புல்வெளியில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் சுற்றும் வால்ட்ஸ் நடனம். பார்க்கப் பிரமாதம். பிறகு 20 வருடம் தாண்டுகிறது. அந்த இளைஞன் இப்போது வயோமிங்கில் சட்ட அதிகாரி. களைத்த முகம், கையில் பாட்டில்.

இங்கே ஒரு கேள்வி பிறக்க வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை இந்தப் புழுதிக்கு ஏன் வந்தான்? படம் இதைக் கேட்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஒன்றை மறைத்தால் நாம் தேடுவோம். அது இருப்பதாகவே காட்டிக்கொள்ளாவிட்டால் எதைத் தேடுவது?

இதற்கு நேர்மாறாக ஒரு காட்சி, ஹார்வர்டு பகுதி முடிந்த கொஞ்ச நேரத்திலேயே வருகிறது. ஒரு குடியேறி, தொங்கவிட்ட துணிக்குப் பின்னால் ஒரு மாட்டை அறுத்துக்கொண்டிருக்கிறான். திருட்டு மாடு. துணிமேல் ஒரு நிழல் விழுகிறது. நெருங்கி வருவது யார் என்று தெரியாது. துப்பாக்கி வெடிக்கிறது, துணியில் ஓட்டை, அந்த ஓட்டை வழியாக ஒரு முகம்: கிறிஸ்டோஃபர் வாக்கன். யார் என்ற கேள்வி வெறும் நிழலாக வந்து முகமாக முடிகிறது. அதில் ஒரு நொடி கூட நான் நோட்டைப் பார்க்கவில்லை. சிமினோவுக்கு வித்தை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அப்புறம் கதையின் அச்சாணி. பண்ணை முதலாளிகள் சங்கம் 125 பேர் பெயரை எழுதி ஒரு கொலைப் பட்டியல் தயாரிக்கிறது. அவர்களைத் தீர்த்துக்கட்டக் கூலிப்படை திரட்டுகிறது. தினக்கூலி உண்டு, ஒவ்வொரு தலைக்கும் தனிக்காசு உண்டு. இந்தத் தகவல் ஏவரிலுக்குக் கிடைத்துவிடுகிறது, நமக்கும் கிடைத்துவிடுகிறது. குடியேறிகளுக்குத் தெரியாது.

த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் விளக்கிய மேஜைக்கடி வெடிகுண்டு ஞாபகம் வருகிறதா? குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருக்கிறது என்று பார்வையாளருக்கு முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம். மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன வெட்டிப் பேச்சு பேசினாலும் நாம் நகத்தைக் கடிப்போம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் ‘ஹெவன்ஸ் கேட்’டில் அடுத்து வரும் ஒரு மணி நேரம் முழுக்க நெஞ்சு படபடக்க வேண்டும். 125 பேர் சாகப் போகிறார்கள், அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஏன் படபடக்கவில்லை?

ஸ்கேட்டிங் காட்சியைப் பார்த்தால் புரியும். படத்தின் தலைப்பே அந்தக் கொட்டகையின் பெயர்தான். மரத்தரை, உயரமான கூரை, மேலிருந்து ஒழுகும் வெளிச்சம். பாட்டின் தொடக்கத்தில் ஒரு இளைஞன் பிடில் வாசித்துக்கொண்டே சக்கரக் காலணியில் தனியாகச் சுற்றி வருகிறான். நடித்தவர் டேவிட் மேன்ஸ்ஃபீல்ட், படத்தின் இசையமைப்பாளரே அவர்தான். பிறகு ஊரே தரையில் இறங்குகிறது. கேமரா அவர்களோடு சேர்ந்து சுற்றுகிறது. ஒளிப்பதிவு வில்மோஸ் சிக்மண்ட். கூட்டம் கலைந்த பிறகு ஏவரிலும் அவன் காதலி ‘எல்லா’வும் (நடித்தவர் இசபெல் ஹூப்பேர்) காலியான கொட்டகையில் இருவர் மட்டும் ஆடுகிறார்கள்.

தனியாக எடுத்துப் போட்டால் கண்ணை எடுக்க முடியாத காட்சி. படத்துக்குள் வரும்போது நான் போனைக் கையில் எடுத்தேன். இரண்டாவது தடவை ஏன் என்று தேடினேன். பிடில் இளைஞன் சுற்றும்போதும் சரி, கூட்டம் சிரிக்கும்போதும் சரி, அந்தக் குண்டு எங்கேயும் இல்லை. கூலிப்படை எங்கே வந்துகொண்டிருக்கிறது? எத்தனை நாள் இருக்கிறது? தகவல் தெரிந்த ஆள் ஏவரில். அவன் முகத்திலாவது ஏதாவது தெரிகிறதா? சொல்லலாமா வேண்டாமா என்ற தவிப்பு? கிறிஸ்டோஃபர்சன் சிரிக்கிறார், ஆடுகிறார். அவரே மறந்துவிட்டதை நான் மட்டும் ஏன் சுமந்துகொண்டிருக்க வேண்டும்? நானும் இறக்கி வைத்துவிட்டேன். இறக்கி வைத்ததும் எஞ்சியது அழகான ஒரு நடனம் மட்டும். நடனத்துக்கு நாலைந்து நிமிடம் போதும்.

ஹிட்ச்காக் சொன்னதில் பலரும் தவறவிடும் பாதி இதுதான். குண்டைக் காட்டினால் மட்டும் போதாது, கடிகாரத்தையும் காட்ட வேண்டும். அவர் உதாரணத்திலேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, மணி ஒன்றுக்கு வெடிக்கும், இப்போது ஒன்றாகக் கால் மணி.

இப்போது கத்தரிக்கு வருவோம். இந்த ஸ்கேட்டிங்கைப் பாதியாகக் குறைத்தால்? நடனம் சுருங்கும், குண்டு திரும்பி வராது. அலுப்பைக் கொடுத்தது அங்கே இருக்கிற காட்சி அல்ல, அங்கே இல்லாத ஒரே ஒரு ஷாட். இல்லாத ஒன்றை வெட்டி எடுக்க முடியாதே. எடுத்த 13 லட்சம் அடிக்குள் அந்த ஷாட் இருந்ததா என்பது எடிட்டர்களுக்குத்தான் வெளிச்சம். எனக்கென்னவோ அது திரைக்கதையிலேயே இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

இதே கொட்டகையில் இன்னொரு காட்சி. ஏவரில் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஊர்க்கூட்டத்தில் பெயர் பெயராகப் படிக்கிறான். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு முகம் திரும்புகிறது, ஒரு அலறல் வருகிறது. இங்கே பாதி வசனம் புரியவில்லை. குடியேறிகள் தங்கள் தங்கள் மொழியில் கத்துகிறார்கள். அதனால் எதுவும் கெடவில்லை. அடுத்த பெயர் யாருடையது என்ற கேள்வி அறை முழுக்கத் தொங்குகிறது, திரையில் இருப்பவர்களுக்கும் நமக்கும் ஒரே சமயத்தில். நீளமான காட்சிதான். என் நோட்டில் அந்தப் பக்கம் காலி. அதே செட், அதே கூட்டம், அதே புகை, அதே இரைச்சல். ஒன்றில் நழுவிய கவனம் இன்னொன்றில் அசையவில்லை.

ஏவரிலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ‘எல்லா’வுக்கு இரண்டு ஆண்கள், ஏவரிலும் வாக்கன் நடித்த சாம்பியனும். சாம்பியன் முதலாளிகளின் கூலி. ஒரு கட்டத்தில் அணி மாறுகிறான், வீட்டுக்குத் தீ வைக்கப்பட்ட நிலையிலும் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு வளைவு இருக்கிறது, முடிவெடுக்கிறான், அதற்கு விலை கொடுக்கிறான். படத்தின் நாயகன் ஏவரிலோ எதையும் முடிவெடுக்காமல் நெடுநேரம் தள்ளிப்போடுகிறான். முடிவெடுக்காத நாயகன் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் எடுக்கத் தவிக்க வேண்டும், அந்தத் தவிப்பை நாம் பார்க்க வேண்டும். இவனைப் பார்த்தால் தூக்கம் வராதவன் மாதிரி இல்லை, தூங்கி எழுந்தவன் மாதிரி இருக்கிறது. யார் பக்கம் கேமரா அதிக நேரம் இருக்கிறதோ அவர்மேல் நமக்கு ஆர்வம் வந்துவிடும் என்று சில இயக்குநர்கள் நினைக்கிறார்கள். வராது.

வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. நிஜத்தில் ‘எல்லா வாட்ஸன்’ என்ற பெண்ணும் ஏவரிலும் 1889-லேயே தூக்கிலிடப்பட்டவர்கள், மோதலுக்கு மூன்று வருடம் முன்பே. நிஜ சாம்பியன் முதலாளிகளின் ஆள் இல்லை, அவர்களால் கொல்லப்பட்ட சின்னப் பண்ணைக்காரர். உண்மைச் சம்பவத்தில் செத்தவர்களும் ஒரு சிலரே. இதையெல்லாம் மாற்றும் உரிமை கதைக்கு உண்டு. இவ்வளவு மாற்றியவர் நாயகனுக்கு ஒரு தவிப்பையும் சேர்த்து எழுதியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

வெட்டு வேலை செய்த இடம், கெடுத்த இடம்

வெட்டினால் எந்தப் படமும் தேறாது என்று சொல்லவில்லை. ஒரு படம் தேறியிருக்கிறது, அதையும் பார்த்துவிடுவது நியாயம். ஜுசெப்பே டொர்னட்டோரேயின் ‘சினிமா பாரடைஸோ’ 1988-ல் இத்தாலியில் 155 நிமிடமாக வந்தபோது ஓடவில்லை. அரை மணி நேரம் வெட்டி 124 நிமிடமாக வெளிநாடுகளுக்குப் போனது. கான் திரைப்பட விழாவில் பரிசு, பிறகு சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர்.

அப்படியானால் நீளம்தானே பிரச்சினை? அவசரப்பட வேண்டாம். 2002-ல் 173 நிமிடப் பதிப்பும் வெளிவந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாயகனின் இளவயதுக் காதலி ஏன் வரவில்லை, அவளுக்கு என்ன ஆனது என்பதற்கு நீளப் பதிப்பில் பதில் இருக்கிறது. நடுவயதில் இருவரும் சந்திக்கிறார்கள், பேசுகிறார்கள், என்ன நடந்தது என்று தெரிந்துகொள்கிறார்கள். குறுகிய பதிப்பில் அது கிடையாது. அவள் வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வி நாயகனோடு சேர்ந்து நமக்குள்ளும் 30 வருடம் கிடக்கிறது. கடைசிக் காட்சியில் அவன் இருட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்து அழும்போது நாம் ஏன் கலங்குகிறோம் என்று நினைக்கிறீர்கள்? அங்கே கத்தரி வெட்டியது பதிலை. கேள்வியைத் தொடவில்லை.

எதிர்ப்பக்கம் செர்ஜியோ லியோனேயின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா’. 1984-ல் ஐரோப்பாவில் 229 நிமிடம். அமெரிக்காவில் 139 நிமிடமாக வெட்டியதோடு விடாமல், முன்னும் பின்னும் தாவும் கதையைக் காலவரிசைப்படி நேராக அடுக்கிவிட்டார்கள். குழப்பம் தீர்ந்ததாம். நீளப் பதிப்பின் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி மணி அடிக்கத் தொடங்குகிறது. காட்சி மாறுகிறது, இடம் மாறுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள், மணி மட்டும் நிற்கவில்லை. எரிச்சலாக இருக்கும், ஆனால் எழுந்து போக முடியாது. யார் யாருக்குப் போன் செய்தார்கள், அதனால் என்ன ஆனது? மூன்றே முக்கால் மணி நேரப் படத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஆணி அது. நடந்ததை நடந்த வரிசையில் அடுக்கினால் அந்தக் கேள்வி பிறக்கவே வழியில்லை. ஒன்றரை மணி நேரம் குறைத்தும் அமெரிக்காவில் அந்தப் பதிப்பு எடுபடவில்லை. இன்று எல்லோரும் கொண்டாடுவது நீளப் பதிப்பைத்தான்.

அரை மணி வெட்டி ஒன்று பிழைத்தது, ஒன்றரை மணி வெட்டி ஒன்று செத்தது, எழுபது நிமிடம் வெட்டி ஒன்று இருந்த இடத்திலேயே கிடந்தது. நிமிடக் கணக்கை வைத்து இந்த மூன்றையும் ஒரே வரியில் விளக்க முடிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் 2012-ல் ஏன் கைதட்டினார்கள்?

இதுதான் என்னை ரொம்ப நாள் குடைந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் 216 நிமிடப் பதிப்பு. ஏறக்குறைய முதல் பதிப்புதான். அதே ஏவரில், அதே ஸ்கேட்டிங். சிமினோ மேடையேறினார், அரங்கம் எழுந்து நின்றது. மனிதர் 2016-ல் காலமானார். அதற்கு முன் இதைப் பார்த்துவிட்டாரே என்று எனக்கு ஒரு திருப்தி.

கொஞ்சம் தொழில்நுட்பக் காரணம் உண்டு. புதுப்பிக்கும்போது அந்தப் பழுப்பு மஞ்சளை எடுத்துவிட்டார்கள். புல் பச்சையாகவும் வானம் நீலமாகவும் ஆகிவிட்டன. ஈபர்ட் கேட்ட துடைப்பை 30 வருடம் கழித்துச் செய்தார்கள் எனலாம். காலம் மாறியதும் ஒரு காரணம். 1980-ல் இந்தக் கதை அமெரிக்கர்களைச் சீண்டியது, பிறகு அதே கதை துணிச்சலாகத் தெரிந்தது. நடுவில் 1982 கிறிஸ்துமஸ் சமயத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கேபிள் சேனல் நீளப் பதிப்பை ஒளிபரப்பி, அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டத்தையும் உண்டாக்கியிருந்தது.

ஆனால் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். 2012-ல் வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கம்பெனியையே கவிழ்த்த படம் என்று தெரிந்து வந்தார்கள். இது நிஜமாகவே அவ்வளவு மோசமா, அன்று என்ன தப்பு நடந்தது, எந்தக் காட்சிக்கு இவ்வளவு காசு போனது என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். படம் கொடுக்க மறந்த கேள்வியை அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். 1980-ல் வந்தவர்கள் கொண்டுவந்தது ஐந்து ஆஸ்கர் வாங்கிய படத்தை எடுத்தவரின் அடுத்த படம் என்ற எதிர்பார்ப்பு மட்டும். எதிர்பார்ப்போடு வருகிறவர் ‘காட்டு’ என்று சாய்ந்து உட்காருவார். கேள்வியோடு வருகிறவர் முன்னால் குனிந்து உட்காருவார். பழைய தோல்விப் படங்கள் பல வருடங்கள் கழித்து ‘அட, நல்லாத்தானே இருக்கு’ என்று தோன்றுவதில் பாதிக்கு இதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். நானே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்த இரண்டாவது தடவை படத்தை முதல் தடவையைவிட அதிகம் ரசித்தேன். அது படத்தின் சாமர்த்தியமா, என் நோட்டின் சாமர்த்தியமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த இரண்டாவது தடவை, கடைசி ஒரு மணி நேரத்துக்கு அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பட்டியல், பகை எதுவும் தெரியாது. போனில் பாதி, படத்தில் பாதி. சண்டை முடிந்தது. 1903 என்று வருகிறது. கடலில் ஒரு உல்லாசப் படகு, வயதான ஏவரில், நல்ல உடுப்பு. கீழே அறையில் ஒரு பெண் சோபாவில் தூங்குகிறாள். விழித்து ஒரு சிகரெட் கேட்கிறாள். பற்ற வைத்துக் கொடுக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை.

பையன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“மாமா, இந்தப் பொண்ணு யாரு?”

சொல்ல வாயெடுத்தேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரிமோட்டை எடுத்து முதலுக்கு ஓட்டினேன். ஹார்வர்டு, புல்வெளி, வால்ட்ஸ், ஏவரில் கைப்பிடித்துச் சுற்றும் பெண். நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். அவளேதான்.

“அப்போ இவ்ளோ நேரம் எங்க இருந்தா?” என்றான்.